உழைக்கும் கைகளும் நாட்டின் வளர்ச்சியும்



ஒரு நாட்டின் செல்வம் எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டால், மண்ணிலிருந்து என்பார் உழவர். கடலிலிருந்து என்பார் மீனவர். முதலிலிருந்து என்பார் வணிகர். மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் மண்ணும் கடலும் முதலும் மனிதனின் கை படும்வரை செல்வமாக மாறுவதில்லை. ஆகவேதான், ஒரு நாட்டில் உழைக்கும் வயதினர் எத்தனை பேர், அவர்களுள் உழைப்பில் ஈடுபடுவோர் எத்தனை பேர், ஏனையோர் ஏன் ஈடுபடவில்லை என்னும் கேள்விகளைப் பொருளியலார் முதன்மையானவையாகக் கருதுகின்றனர். இன்றைய உரையில் இக்கேள்விகளை இலங்கையின் கீழ்க்கரையிலுள்ள ஓர் ஊரை முன்வைத்து ஆராய்வோம். அவ்வூர் அட்டாளைச்சேனை.

கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் பெருந்தெரு இவ்வூரை ஊடறுத்துச் செல்கிறது. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல் விளையும் வட்டைகள். வடக்கே அயலில் பாலமுனையும் ஒலுவிலும் இருக்கின்றன. 1941ஆம் ஆண்டு தொடக்கம் ஆசிரியப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற ஊர் இது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டில் முழுமையான பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் அமைந்திருக்கிறது. நிலம், நீர், கடல், கல்வி ஆகிய நான்கும் ஒருங்கே வாய்த்த ஊர் எனலாம். இத்தகைய ஊரிலும் உழைக்கக்கூடிய கைகளுட் பல, நாட்டின் உற்பத்திக் கணக்கில் சேராமல் இருக்கின்றன. அதற்குக் காரணம் யாது?

முதலில், கணக்கு எடுக்கப்படும் முறையை அறிந்துகொள்வது நலம். குடிசன மதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நாடெங்கும் தொழிற்படை அளவீட்டை நடத்தி வருகிறது. அதன் உத்தியோகத்தர் ஒருவர் இவ்வூரில் ஒரு வீட்டு வாசலுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் வாப்பா, உம்மா, உம்மாவின் தாயாகிய மூத்தம்மா, பட்டம் பெற்ற மகள், உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த இளைய மகன் ஆகிய ஐவர் இருக்கின்றனர். மூத்த மகன் கத்தாரில் வேலை செய்கிறார்.

ஊதியத்துக்காகவோ, இலாபத்துக்காகவோ, குடும்பத் தொழிலுக்காகவோ சென்ற வாரத்தில் ஒரு மணி நேரமேனும் வேலை செய்தீர்களா என்பது உத்தியோகத்தரின் முதற் கேள்வி. வாப்பா வயலுக்குப் போனார். எனவே அவர் தொழில் புரிவோர் வரிசையில் சேர்கிறார். உம்மா அதிகாலையில் எழுந்து சமைத்தார்; வீட்டுத் தேவைக்காக ஒரு மூடை நெல்லை அவித்து உலர்த்தினார்; மூத்தம்மாவுக்கு மருந்து கொடுத்தார்; இரவு எல்லோரும் உறங்கிய பின்னரே உறங்கினார். இவ்வளவு செய்தும் அவர் தொழிற்படைக்கு வெளியே நிற்கிறார். அதே உம்மா அவித்த நெல்லை அரிசியாக்கி விற்றிருந்தால், அல்லது பன்பாய் இழைத்துச் சந்தைக்கு அனுப்பியிருந்தால், அவர் பெயர் உள்ளே சேர்ந்திருக்கும்.

மகள் இரண்டு வாரங்களுக்கு முன் ஓர் ஆசிரியர் பதவிக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார். தொழில் இல்லாவிடினும் தொழில் தேடுகிறார். கிடைத்தால் உடனே சேரவும் ஆயத்தமாக இருக்கிறார். ஆகவே அவர் வேலையற்றவர் என்று குறிக்கப்படுகிறார். வேலையற்றவரும் தொழிற்படையில் அடங்குவர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இளைய மகனோ வர்த்தமானியில் அறிவித்தல் வரட்டும் என்று காத்திருக்கிறார். கடந்த நான்கு வாரங்களில் எங்கும் வேலை தேடவில்லை. காத்திருத்தல் தேடுதலாகாது, எனவே அவர் வெளியே நிற்கிறார். மூத்தம்மாவும் வெளியே. கத்தாரிலுள்ள மகன் இந்நாட்டுக் கணக்கிலேயே இல்லை. அவர் கட்டும் கட்டடங்கள் கத்தாரின் உற்பத்தியில் சேர்கின்றன. அவர் அனுப்பும் பணம் மட்டுமே இங்கு வருகிறது.

ஆக, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஐவருள் வாப்பாவும் மகளும் ஆகிய இருவரே தொழிற்படையினர். இவ்வீட்டின் தொழிற்படைப் பங்கேற்பு வீதம் 40. இவ்வாறே நாடு முழுவதற்கும் கணக்கிடும்போது, 2022ஆம் ஆண்டில் இலங்கையின் பங்கேற்பு வீதம் 49.8 ஆக இருந்தது. ஆண்களுள் 100க்கு 70.5 பேர், பெண்களுள் 32.1 பேர். பெண்களின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று என்னும் அளவிலேயே பல பத்தாண்டுகளாக நின்றுவிட்டது. இத்தனைக்கும், 1940களில் வேரூன்றிய இலவசக் கல்வியின் பயனாக, நமது பல்கலைக்கழகங்களில் இன்று மாணவர்களைவிட மாணவியரே மிகுந்திருக்கின்றனர். கற்பதற்குத் திறந்த கதவு, கற்ற பின் அந்த அளவுக்குத் திறக்கவில்லை.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவித்துக்கொள்ள வேண்டும். வேலையில்லாதோர் வீதம் குறைவாக இருந்தால் நாடு நலமாக இருக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். 2019இல் இலங்கையில் அவ்வீதம் 4.8; 2023இல் 4.7. இவ்விரண்டையும் மட்டும் பார்ப்பவர், இடைப்பட்ட காலத்தில் பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் தொழில் நிலையை அசைக்கவே இல்லை என்று முடிவு செய்யக்கூடும். ஆனால் பங்கேற்பு வீதம் அதே காலத்தில் 52.3இலிருந்து 48.6ஆக இறங்கிவிட்டது. தேடிச் சலித்தவர் தேடுதலைக் கைவிட்டால், அவர் வேலையற்றோர் பட்டியலிலிருந்தும் நீங்கிவிடுகிறார். பட்டியல் சுருங்குகிறது, துயரம் சுருங்குவதில்லை. எனவே இவ்விரு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி, பங்கேற்புக்கும் வளர்ச்சிக்குமுள்ள தொடர்பைக் காண்போம். ஒரு நாட்டில் ஒருவருக்குச் சராசரியாகக் கிடைக்கும் வருமானம் மூன்று காரணிகளின் பெருக்கம் ஆகும். குடிகளுள் உழைக்கும் வயதினர் எத்தனை பங்கு என்பது முதலாவது. அவ்வயதினருள் உண்மையில் உழைப்போர் எத்தனை பங்கு என்பது இரண்டாவது. உழைக்கும் ஒருவர் எவ்வளவு விளைவிக்கிறார் என்பது மூன்றாவது.

எளிய உதாரணம் ஒன்றை எடுப்போம். நூறு பேர் வாழும் ஒரு சிற்றூர். அவர்களுள் அறுபது பேர் உழைக்கும் வயதினர். அவ்வறுபதின்மருள் முப்பது பேர் வயலில் இறங்குகின்றனர். ஒருவர் ஆண்டுக்குப் பத்து மூடை நெல் விளைவிக்கிறார். மொத்த விளைச்சல் 300 மூடை. தலைக்கு மூன்று மூடை. மேலும் பத்துப் பேர் உழைக்க வருகின்றனர் என்று கொள்வோம். அவர்களுக்கும் அதே அளவு நிலமும் நீரும் கலப்பையும் கிடைக்குமாயின், விளைச்சல் 400 மூடையாகும். தலைக்கு நான்கு மூடை கிடைக்கும். ஆனால் புதிய நிலம் இன்றி, அந்தப் பழைய வயலிலேயே அப்பத்துப் பேரும் இறங்கினால் என்னவாகும்? விளைச்சல் 320 மூடை அளவில் நின்றுவிடலாம். தலைக்குக் கிடைப்பது சிறிதே உயர்கிறது. உழைப்பவர் ஒருவர் விளைவிப்பதோ பத்திலிருந்து எட்டு மூடையாகக் குறைகிறது. கைகள் கூடின; கைக்கு ஏற்ற கருவி கூடவில்லை.

இந்த உண்மையை 1954இல் ஆர்தர் லூயிஸ் என்னும் பொருளியலறிஞர் விரிவாக ஆராய்ந்தார். மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான சென் லூசியாவிற் பிறந்த இவர், 1979இல் நோபல் பரிசு பெற்றவர். வறிய நாடுகளின் வயல்களில் தேவைக்கு மிஞ்சிய உழைப்பு தேங்கிக் கிடக்கிறது. அவ்வுழைப்பு அதிக விளைவு தரும் தொழில்களுக்குப் பெயரும்போதே நாடு வளர்கிறது என்பது அவர் கருத்தின் சாரம். ஆபிரிக்காவின் மடகஸ்காரிலும் தன்சானியாவிலும் உழைக்கும் வயதினருள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தொழிற்படையில் இருக்கின்றனர். எனினும் அந்நாடுகள் செல்வந்த நாடுகளாகிவிடவில்லை. அங்கே பலருக்கு, உழைக்காதிருக்கும் வசதியே இல்லை. எனவே பங்கேற்பு வீதம் உயர்ந்திருப்பதனால் மட்டும் வளம் வந்துவிடாது.

இதற்கு நமது கரையிலேயே சான்று உண்டு. 1949இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் திட்டத்தின் கீழ் இங்கினியாகலையில் அணை எழுந்தது; சேனநாயக்க சமுத்திரம் என்னும் பெருநீர்த்தேக்கம் உருவாயிற்று. மாரி மழையை மட்டும் நம்பிப் பெரும்போகம் செய்த வயல்கள் பலவற்றில் சிறுபோகமும் செய்ய வழி பிறந்தது. ஓராண்டில் ஒரு முறை உழுத கை, இரண்டு முறை உழுதது. அந்தத் திட்டம் நிலப்பங்கீடு பற்றிய மனக்குறைகளையும் இக்கரையில் விட்டுச் சென்றது; அது தனியே பேசுதற்குரிய பொருள். இங்கு நாம் குறிக்க வேண்டுவது, நீர் வந்ததனால் உழைப்பின் பயன் பெருகியது என்பதையே.

இதற்கு எதிரான சான்றும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில், இலங்கையின் மாவட்டங்களுள் அம்பாறையே மிகுதியான உயிர்களை இழந்தது. எஞ்சிய மீனவர்க்குக் கையும் திறமையும் இருந்தன. தோணியும் வலையும் இல்லை. அவை மீண்டும் கிடைக்கும்வரை அவர்களுடைய திறமை கரையிலேயே காத்திருந்தது. கருவி இழந்த கை எவ்வளவு வலியதாயினும் விளைவு தருவதில்லை என்பதை அக்காலம் கொடுமையாகக் கற்பித்தது.

ஆயின் பங்கேற்பை உயர்த்துவதனாற் பயன் இல்லையோ என்று கேட்கலாம். மிகுந்த பயன் உண்டு. கருவியும் பயிற்சியும் உடன் வருமாயின் அப்பயன் பன்மடங்காகும். சிங்கப்பூரின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டு. 1966இல் அந்நாட்டு மக்களுள் 100க்கு 27 பேர் தொழில் புரிந்தனர். 1990இல் 51 பேர். ஒரு தலைமுறைக்குள் உழைப்போர் பங்கு ஏறக்குறைய இரு மடங்காயிற்று. அதனுடன் கல்வியும் இயந்திரங்களும் துறைமுகமும் வளர்ந்தன; நாடும் வியத்தகு வேகத்தில் முன்னேறியது. இதனை ஆராய்ந்த பொருளியலார் ஓர் எச்சரிக்கையையும் விடுத்தனர். 27ஐ 51ஆக உயர்த்தலாம். 51ஐ 102ஆக உயர்த்த இயலாது. பங்கேற்பினால் வரும் உயர்வு ஒரு படி ஏறுவது போன்றது. ஏறிய பின்னர், மேலும் உயர வேண்டுமாயின், ஒவ்வொருவருடைய உழைப்பின் விளைவுதான் பெருக வேண்டும்.

இலங்கைக்கு அந்தப் படி எவ்வளவு உயரம்? நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட நூறு பேரை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 53 பேர் பெண்கள், 47 பேர் ஆண்கள். 2022ஆம் ஆண்டின் வீதங்களின்படி ஆண்களுள் 33 பேர், பெண்களுள் 17 பேர், ஆக 50 பேர் தொழிற்படையினர். பெண்களின் பங்கு பாதியாக உயருமாயின், 17 பேர் 26 பேராவர். மொத்தம் 59 பேர். உழைக்கும் கைகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுகின்றன. புதியவர்களுக்கு வேண்டிய கருவிகள் உடனே வந்துவிடமாட்டா. எனவே நாட்டின் உற்பத்தியும் அதே அளவு உயராது. அதிற் பாதியளவே உயர்ந்தாலும் பத்து வீதத்துக்குச் சற்றுக் குறைந்த உயர்வு கிடைக்கும். இருபது ஆண்டுகளில் பரவினால், ஆண்டுக்கு அரை வீதத்துக்குச் சற்றுக் குறைவு. கேட்பதற்குச் சிறியதாயினும், கடன் சுமையால் தளர்ந்து, 2022இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதையே இடைநிறுத்திய ஒரு நாட்டுக்கு அது சிறியதன்று.

இவ்வாறு கணக்கிடுவது எளிது. கணக்கு நனவாவதற்கு ஊர்களில் எது தடையாக நிற்கிறது என்பதே கடினமான கேள்வி. மீண்டும் அட்டாளைச்சேனைக்கு வருவோம்.

பெண்களின் உழைப்பை நெடுங்காலம் ஆராய்ந்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் குளோடியா கோல்டின். 2023இல் நோபல் பரிசு பெற்ற இவர், 1990களில் எழுதிய ஒரு கட்டுரையில், நாடுகள் வளரும்போது பெண்களின் பங்கேற்பு ஒரு கிண்ணத்தின் வடிவத்தில் செல்கிறது என்று விளக்கினார். வறுமைக் காலத்தில் பெண்கள் வயலில் மிகுதியாக உழைக்கின்றனர். இயந்திரமும் ஆலையும் வந்து, ஆண்களின் வருமானம் சற்று உயரும்போது, பெண்கள் வீட்டுக்குத் திரும்புகின்றனர், பங்கேற்பு இறங்குகிறது. கல்வி பரவி, அலுவலகம், பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்ற இடங்களில் அவர்களுக்கேற்ற தொழில்கள் பெருகும்போது அது மீண்டும் ஏறுகிறது.

இக்கரையில் கிண்ணத்தின் இறங்கு முகத்தைக் கண்ணாரக் கண்டவர் பலர். வேளாண்மை வெட்டுக் காலத்தில் தாக்கத்தியுடன் அணிவகுத்துச் சென்று கதிர் அறுத்த காலம் ஒன்று இருந்தது. எருமைகளைக் கொண்டு சூடு மிதித்தனர். பின்னர் உழவு இயந்திரம் மிதித்தது. இன்று அறுப்பதையும் அடிப்பதையும் தூற்றுவதையும் ஓர் இயந்திரமே முடித்துவிடுகிறது. போடியாருக்கு நாள் மிச்சம். நெல் மழையில் நனையும் அச்சமும் குறைவு. ஆனால் களை பிடுங்கியும் கதிர் பொறுக்கியும் நெல் தூற்றியும் கூலி பெற்ற ஏழைப் பெண்களின் கையில் அந்தப் பருவத்து வருமானம் இல்லாமற் போயிற்று. இயந்திரத்தைக் குறை கூறுவதற்கில்லை. உழைப்பின் விளைவைப் பெருக்குவது அதுவே. குறை, விடுபட்ட கைகளுக்கு வேறு வேலை உரிய காலத்தில் வந்து சேராமையே.

கிண்ணத்தின் ஏறு முகமும் இவ்வூரில் உண்டு. காலை ஏழு மணிக்குப் பெருந்தெருவில் நின்று பாருங்கள். பாடசாலைகளை நோக்கி ஆசிரியைகள் கூட்டங்கூட்டமாகச் செல்வர். சமய வாழ்வும் குடும்ப ஒழுங்கும் பேணும் ஊர் இது. பெண்கள் தொழிலுக்குச் செல்வதை இவ்வூர்ப் பண்பாடு விரும்பாது என்று வெளியூரார் சிலர் எளிதாகக் கூறிவிடுவர். அப்படியாயின் இவ்வாசிரியைகள் எங்கிருந்து வந்தனர்? ஆசிரியத் தொழிலை உற்று நோக்கினால் விடை கிடைக்கும். பணியிடம் பெரும்பாலும் அண்மையில் உள்ளது. பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை முடிகிறது. பிள்ளைக்கு விடுமுறை வரும்போது தாய்க்கும் விடுமுறை வருகிறது. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உறுதி. சமூகத்தில் மதிப்பும் உண்டு. இவ்வைந்தும் கூடிய தொழில் கிடைத்தபோது குடும்பங்கள் தம் பெண்மக்களை விருப்புடனேயே அனுப்பின. எனவே, பழக்கவழக்கத்தின் தடை ஓரளவு இருப்பினும், தொழிலின் தூரமும் நேரமும் பாதுகாப்புமே பெரிய தடைகள் என்று கொள்வதற்கு இடமுண்டு.

இவ்விடத்தில் இக்கரைக்கே உரிய ஒரு வழக்கத்தையும் கருத வேண்டும். மணமான பின் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவதும், வீடு பெண்ணுக்குச் சீதனமாக அமைவதும் கீழ்க்கரையின் முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் வழங்கி வரும் முறை. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இவ்வழக்கத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். தாயும் மக்களும் ஒரே வளவிலோ அயல் வளவிலோ வாழ்கின்றனர். பெருநகரத்துத் தாய் பணம் கொடுத்துத் தேடும் குழந்தைப் பராமரிப்பு, இங்கே மூத்தம்மாவின் மடியிலேயே இருக்கிறது. பெண்கள் தொழிலுக்குச் செல்ல இது பெருந்துணை.

அதே வழக்கத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் ஒரு வீடு கட்ட வேண்டிய சுமை குடும்பத்தின் மேல் விழுகிறது. சேமிப்பெல்லாம் கல்லும் சீமெந்துமாகிவிடுகிறது. தொழிலுக்கு முதலாக மிஞ்சுவது சொற்பம். வாப்பாவும் காக்காமாரும் மட்டுமன்றி, சில வீடுகளில் உம்மாவே அரபு நாடுகளுக்குச் சென்று பிறர் வீட்டில் வேலை செய்து, மகளின் வீட்டுக்குச் சுவர் எழுப்புகிறார். ஊரில் வருமானத்துக்கு வழி காணாத கை, கடல் கடந்து உழைக்கிறது. வெளிநாட்டு உழைப்பாளர் இலங்கைக்கு அனுப்பிய தொகை 2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலர். 2022இல் 380 கோடி அளவுக்கு வீழ்ந்தது. 2024இல் ஏறத்தாழ 660 கோடியாக மீண்டது. நாட்டைத் தாங்கும் தூண்களுள் ஒன்று இது. ஆயினும் இரண்டு ஆண்டுகளில் பாதியாகக் குறையக்கூடிய தூண் என்பதையும் மறத்தலாகாது. தாய் இல்லாத வீட்டின் இழப்பு எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

இனி, காத்திருக்கும் இளைஞரைப் பற்றிச் சில வார்த்தைகள். 1971இல் சர்வதேசத் தொழில் தாபனத்தின் சார்பில் டட்லி சீயர்ஸ் என்னும் அறிஞர் தலைமையில் ஒரு குழு இலங்கைக்கு வந்தது. அக்குழு கண்ட முக்கியமான உண்மை, கற்ற இளைஞர் எதிர்பார்க்கும் தொழிலும் நாட்டிற் கிடைக்கும் தொழிலும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதாகும். அரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் பொருத்தமின்மை நீங்கவில்லை. நமது நாட்டில் உயர்தரமும் அதற்கு மேலும் கற்றவரிடையேதான் வேலையின்மை வீதம் மிகுந்து காணப்படுகிறது. அவர்களுள்ளும் பெண்களிடையே அது இன்னும் அதிகம். அரசாங்க உத்தியோகம் கிடைத்தால் வாழ்நாள் முழுவதும் பாதுகாப்பு. தனியார் துறையிலோ அந்த உறுதி இல்லை. ஆகவே இரண்டு, மூன்று ஆண்டுகள் காத்திருப்பது குடும்பத்துக்கு நியாயமாகவே தோன்றுகிறது. தனித்தனியே நியாயமாகத் தோன்றும் இக்காத்திருப்புகள் சேர்ந்து, நாட்டுக்குப் பெரும் இழப்பாகின்றன. கற்ற கல்வி, பயன்படுத்தப்படாத கத்தியைப் போலத் துருப்பிடிக்கிறது.

இந்த இழப்பை ஈடுசெய்யக் காலம் நமக்கு நிறைய இல்லை. ஒரு நாட்டில் பிறப்பு வீதம் குறையும்போது, சில பத்தாண்டுகளுக்குச் சிறுவரும் முதியோரும் குறைந்து, உழைக்கும் வயதினர் மிகுந்திருப்பர். வளர்ச்சிக்கு வாய்ப்பான அக்காலம் திரும்ப வாராது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படியே இலங்கையில் அறுபது வயதைக் கடந்தோர் 100க்கு 12 பேருக்கு மேல் இருந்தனர். அப்பங்கு ஆண்டுதோறும் உயர்ந்து வருகிறது. நாம் முன்னர் கூறிய மூன்று காரணிகளுள் முதலாவது இனி நமக்குத் துணை செய்யாது. எஞ்சியிருப்பவை இரண்டு: உழைப்போர் பங்கைக் கூட்டுவதும், உழைப்பின் விளைவைப் பெருக்குவதும்.

இவை இரண்டும் ஒருங்கே நடைபெறுவதற்குச் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, தொழிலை ஊருக்கு அருகே கொண்டுவருதல். மருதமுனையின் கைத்தறி இதற்கு நமது கண்முன்னுள்ள பாடம். வீட்டுக்கு அண்மையில் தறி இருந்தமையால் குடும்பமே அத்தொழிலில் ஈடுபட்டது. அட்டாளைச்சேனையிலும் அயலூர்களிலும் நெல் விளைகிறது. அதனைத் தரமான அரிசியாகவும் மாவாகவும் உணவுப் பண்டமாகவும் மாற்றும் சிறு ஆலைகள் இங்கேயே எழுமாயின், உம்மாவின் அடுப்படியிற் கணக்கின்றிக் கிடக்கும் திறமை கணக்குக்குள் வரும். பன்பாய்க்கும் தையலுக்கும் நல்ல விலை கிடைக்கச் சந்தைத் தொடர்பு வேண்டும்; அத்தொடர்பை ஏற்படுத்தக் கூட்டுறவுச் சங்கங்கள் முன்வரலாம்.

இரண்டாவது, தொழிலின் நேரத்தையும் பயணத்தையும் இசைவாக்குதல். மாலையில் பாதுகாப்பான பேருந்து வசதி இல்லாத ஊரில், பத்துக் கல் தொலைவிலுள்ள தொழிற்சாலையும் கொழும்பைப் போலத் தூரமானதே. பகுதிநேரத் தொழிலுக்கும் சேமலாப நிதி முதலிய பாதுகாப்புகள் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, தாய்மையின் செலவைப் பகிர்ந்துகொள்ளுதல். தனியார் துறையில் பிரசவ விடுமுறைக்கான சம்பளத்தைத் தொழில் வழங்குநரே முழுமையாக ஏற்க வேண்டியிருக்கிறது. அதனால் சிறிய நிறுவனங்கள் இளம் பெண்களைச் சேர்க்கவே தயங்குகின்றன. பெண்ணைக் காப்பதற்காக எழுந்த சட்டமே அவளுக்குக் கதவடைக்கலாகாது. பல நாடுகளில் இச்செலவைச் சமூகக் காப்புறுதி நிதி ஏற்கிறது. நாமும் அவ்வழியை நாடலாம்.

நான்காவது, கல்வியைத் தொழிலோடு இணைத்தல். அயலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தொழில்நுட்பமும் முகாமைத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. அங்கு கற்பவர், பட்டம் பெறுவதற்கு முன்பே அயலிலுள்ள ஆலையிலும் வயலிலும் கடலோரத்திலும் பயிற்சி பெறுவாராயின், வர்த்தமானியை மட்டுமே எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிலை குறையும்.

இறுதியாக ஒன்று. வீட்டில் உழைக்கும் பெண் உழைக்காதவர் என்று எவரும் பொருள்கொள்ளலாகாது. சமைப்பதும் பேணுவதும் வளர்ப்பதும் இன்றேல் நாளை உழைக்கும் கை ஒன்றும் உருவாகாது. எல்லாப் பெண்களும் வெளியே சென்றே ஆகவேண்டும் என்பதும் நமது கருத்தன்று. செல்ல விரும்பும் ஒருவருக்கு வழி இல்லாதிருப்பதே நாம் பேசும் இழப்பு.

நாம் முதலிற் சென்ற வீட்டுக்கு மீண்டும் போவோம். உத்தியோகத்தர் தம் படிவத்தை மடித்துக்கொண்டு புறப்படுகிறார். உம்மா அவருக்குத் தேநீர் கொடுக்கிறார். மகள் வாசலில் நின்று, “அடுத்த முறை நீங்கள் வரும்போது என் பெயருக்கு நேரே வேறு எதை எழுதுவீர்கள்?” என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஊருக்கு அண்மையில் அவருடைய கல்விக்கேற்ற தொழில் ஒன்று உருவாகுமாயின், தொழில் புரிபவர் என்று எழுதலாம். உருவாகாவிடின், தேடிச் சலித்து வீட்டில் இருப்பவர் என்று அவரும் ஒருநாள் கணக்குக்கு வெளியே போய்விடுவார். அப்போது வேலையில்லாதோர் வீதம் சிறிது குறைந்துவிட்டது என்று அறிக்கை கூறும். இவ்விரண்டில் எது நிகழும் என்பது அந்தப் பெண் ஒருத்தியின் முயற்சியில் மட்டும் தங்கியிருக்கவில்லை.